ஒம்பதாவது வளைவுல நின்ன ஜீப்பு

ஒம்பதாவது வளைவு. ஜீப்பு எறங்குது. சனிக்கெழம. காலைல பத்து அம்பது. வெயிலு நல்லா ஏறிடுச்சு. எனக்கு மட்டும் வெளிச்சம் துண்டு துண்டா உழுது. பாதி ரோடு தெரியுது. பாதி தெரியல. கண்ணு முன்னாடி வெள்ளப் பூச்சி பறக்குது. கையால தட்டறேன். போவல.

"ஈஸ்வரி, கண்ண மூடாத! மூடாதடி கண்ணு!"

அம்மா. பின் சீட்டுல உக்காந்திருக்கு. என் தல அம்மா மடில. காலு ரெண்டும் சீட்டுக்கு வெளிய தொங்குது. வயித்துல எட்டு மாசம். ஜீப்பு ஓட்டறது முனியப்பன் அண்ணன், பக்கத்து வூடு. வளைவுக்கு வளைவு மூணு ஆரனு அடிக்கிறாரு. நான் ஆரன எண்ணறேன். எண்ணிக்கிட்டே இருந்தா உசுரோட இருக்கறதா அர்த்தம்னு நானா ஒண்ண நெனச்சுக்கிட்டேன்.

வத்தல்மலைலேர்ந்து கீழ எறங்கறோம். அடிவாரத்துல ஆம்புலன்சு நிக்கிது. "நாங்க ஏறி எறங்கற நேரம் மிச்சம், நீங்க எறங்கி வந்துருங்க"ன்னு போன்ல சொல்லிட்டாங்க. சரியாத்தான் சொன்னாங்க.

மண்டைக்குள்ள இடி. நெஞ்சுக் குழிக்குக் கீழ, வலது பக்கம், யாரோ முட்டிக்கால வச்சு அழுத்தற வலி. புள்ள அசையிதான்னு பாக்கறேன். அசையிது. ஒரு தரம். அப்புறம் ஒரு தரம்.

அதுதான் கடைசியா நான் உணர்ந்தது. அத எழுதி வச்சுக்குங்க.

*

பன்னெண்டு நாளு முன்னாடி போவணும். திங்கக்கெழம. எனக்கு வளைகாப்பு.

நான் மலைல பொறந்தவ. பாப்பிரெட்டிப்பட்டில வாக்கப்பட்டவ. டெய்லரு. வூட்டு முன் ரூம்புல மிசினு போட்டு ஜாக்கெட்டு தைக்கிறேன். எங்க தெருவுல எந்தப் பொம்பளைக்குக் கை சுத்து எவ்வளவுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எங்க வூட்டுக்காரரு கோவிந்தராஜு, போர் மோட்டரு ரிப்பேரு பாக்கறவரு.

வளைகாப்புக்கு மூணு நாளு முன்னாடி செக்கப்பு. நர்சம்மா கைல பட்டையச் சுத்தி பம்ப அழுத்துனாங்க. புஸ்ஸு புஸ்ஸுன்னு ஏறுது. அப்புறம் சீ...ன்னு எறங்குது. அவங்க மூஞ்சி மாறிப்போச்சு. திரும்ப ஒருக்கா பாத்தாங்க. "பிரசரு ஏறியிருக்கு ஈஸ்வரி. நூத்தி நாப்பத்தெட்டு. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, இந்த மாத்திரையப் போடு. வாரம் ஒருக்கா பாக்கணும். அம்மா வூட்டுக்குப் போனா அங்க இருக்கற நர்சுகிட்ட புக்கக் காட்டு. தலவலி வந்தா, கண்ணு மங்குனா, அப்பவே ஓடியா. நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காத." முப்பது மாத்திர குடுத்தாங்க. அவங்க எதயும் மறைக்கல. ஒழுங்காச் சொன்னாங்க. நாந்தான் தலையாட்டிட்டு வந்தேன். இரும்புச் சத்து மாத்திர மாதிரி இதுவும் ஒண்ணுன்னு நெனச்சேன். ஒரு வேள உட்டா என்ன ஆவப்போவுதுன்னு.

மாத்திரையயும் புக்கயும் ஒரு மஞ்சப் பையில போட்டு மிசினுக்குப் பக்கத்துல ஆணில மாட்டி வச்சேன். மூணு நாளு ஒழுங்காப் போட்டேன். ஆறு மாத்திர.

திங்கக்கெழம வளையலு போட்டாங்க. வலக்கைல பதினொண்ணு, இடக்கைல பத்து. கண்ணாடி வளையலு. புள்ளைக்குக் காதுல உழுவணும்னு ஆளாளுக்கு எங்கையப் புடிச்சு ஆட்டுனாங்க. கலகலன்னு சத்தம். நானும் நடக்கறப்ப வேணும்னே கைய வீசி நடந்தேன். எனக்குக் கல்யாணமாகி ஆறு வருசம். ஆறு வருசம் கழிச்சு வந்த சத்தம் அது.

பன்னெண்டு மணிக்கு எமகண்டம் முடிஞ்சு வண்டி ஏறணும். வாசப்படி தாண்டியாச்சு. தெரு முக்கு வரைக்கும் வந்தாச்சு. அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. பையி ஆணிலயே தொங்குது.

"ஐயோ அத்த, எம்பையி!"

அத்த எங்கையப் புடிச்சு நிறுத்துனாங்க. எங்க வூட்டுக்காரரோட அம்மா. "வளையலு போட்ட பொண்ணு வாச தாண்டிட்டா திரும்பக் கூடாது. அந்த வாசல்ல இனிமே புள்ளையோடதான் காலு வக்கணும்." சரி, அவரு போயி எடுத்தாரட்டும்னேன். "அவன் திரும்புனாலும் திரும்புனதுதான். ஞாயித்துக்கெழம கொண்டாந்து குடுப்பான், ஏறு சாமி." வண்டில இருந்தவங்க எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. அவரு கைல சீர்த்தட்டு. எம்மூஞ்சியப் பாத்தாரு. நான் சிரிச்சேன். ஏறிட்டேன்.

முக்குலேர்ந்து வூட்டுக்கு நாப்பது தப்படி இருக்கும். அவ்வளவுதான்.

என்னய ஊரே அடம் புடிக்கிறவன்னுதான் சொல்லும். ஜாக்கெட்டு கைல ஒரு நூலு தள்ளிப்போனாலும் மொத்தத்தயும் பிரிச்சுப் போட்டுத் தைக்கிறவ நான். அன்னைக்கு மட்டும் அந்த அடம் எங்க போயித் தொலஞ்சுதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. நல்ல நாளு, ஒரு பேச்சு வர வேண்டாம்னு இருந்துட்டேன்.

*

மலைல மொத வாரம் நல்லாத்தான் இருந்தேன். ஞாயித்துக்கெழம அவரு வரல. சித்தேரிப் பக்கம் ஒரு கெணத்துல மோட்டரு மாட்டிக்கிச்சாம். தண்ணியில்லாம மஞ்சப் பயிரு காயிதாம். "அடுத்த ஞாயிறு கட்டாயம் வரேன், பை எடுத்து வச்சுட்டேன்"னாரு. சரின்னேன்.

செவ்வாக்கெழம மலைக்கு நர்சு வந்தாங்க. நான் போவல. புக்கு இல்லாமப் போனா திட்டுவாங்க. நாலு பேரு முன்னாடி திட்டு வாங்க வெக்கம். இத நான் யாரு மேலயும் போட முடியாது. என் வெக்கம். என் காலு. நாந்தான் போவல.

புதன்கெழம காலைல பால் வாங்கறதுக்குக் கைய நீட்டறேன். வளையலு சத்தம் வரல.

குலுக்கிப் பாத்தேன். வரல. இருவத்தொண்ணும் தோலோட தோலா ஒட்டிக்கிட்டு நிக்கிது. வெரல உள்ள உட முடியல. மணிக்கட்டு ரெண்டு இஞ்சு ஏறியிருக்கும். டெய்லருக்கு இது தெரியாதா? தெரிஞ்சுது. தெரிஞ்சு என்ன பண்ணேன்? அம்மாகிட்டக் காட்டிச் சிரிச்சேன். அம்மாவுக்கு ஒரே சந்தோசம். "தாயி வூட்டுச் சோறு ஒட்டுது பாரு. மூஞ்சிகூடப் பூரிச்சிருக்கு"ன்னு சுத்திப் போட்டுச்சு. உப்பு மொளகா அடுப்புல வெடிச்ச சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கு.

வெள்ளிக்கெழம சாயங்காலம் தலவலி. சுக்கு அரைச்சுப் பத்துப் போட்டோம். சனிக்கெழம விடிஞ்சதும் வாந்தி. மேல் வயித்துல வலி. வாயுன்னு ஓமத்தண்ணி குடிச்சேன். பத்து மணிக்கு அடுப்பப் பாக்கறேன், ஒரு அடுப்பு ரெண்டாத் தெரியுது. நர்சம்மா சொன்னது அப்பத்தான் மண்டைல அடிச்சுது. "அம்மா, ஆசுபத்திரி!"ன்னு கத்துனேன். அம்மா வெளிய ஓடி "முனியப்பா! ஜீப்ப எடு!"ன்னு கத்துச்சு.

அவருக்குப் போன் போட்டேன். "பையி"ன்னேன். புரிஞ்சுக்கிட்டாரு.

*

இனிமே சொல்றது எம் ஞாபகம் இல்ல. அம்மா சொன்னது. முனியப்பன் அண்ணன் சொன்னது. ரெண்டு பேரும் சொல்றது ஒண்ணாத்தான் இருக்கு. நேரம் மட்டும் அண்ணன் போன்ல பாத்தது.

ஒம்பதாவது வளைவு. பத்து அம்பத்திரெண்டு. எனக்கு வலிப்பு வருது. கண்ணு மேல சொருவுது. பல்லு கிட்டிக்கிது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது.

"ஐயோ ஜன்னி கண்டுடுச்சே! இரும்பு குடு! முனியப்பா, இரும்பு குடுடா!"

எங்க பக்கம் வலிப்பு வந்தா கைல இரும்பு குடுக்கணும். கொழந்தைலேர்ந்து பாத்தது. தெருவுல யாராச்சும் உழுந்தா சாவிக்கொத்து தேடி நாலு பேரு ஓடுவாங்க. அண்ணன் ஜீப்புல ஸ்பேனரு இருந்துச்சு. சீட்டுக்கு அடில. சீட்டு மேல நான்.

அண்ணன் பிரேக்கு போட்டாரு. வண்டியோட சாவிய உருவுனாரு. எங்கைல திணிச்சாரு.

ஜீப்பு நின்னுபோச்சு. ஆரனு இல்ல. இஞ்சின் சத்தம் இல்ல.

எங்கை ஒரு தரம் இறுக்குச்சு. அடுத்த இழுப்புல வீசுச்சு. சாவி பக்கவாட்டுல பறந்து உண்ணிச்செடிப் பொதருக்குள்ள உழுந்துது. உழுந்த சத்தம்கூடக் கேக்கலைங்கறாரு அண்ணன்.

"சாவி! சாவி எங்க!"

"கீழ! பொதருல பாரு!"

கீழேர்ந்து பஸ்ஸு ஏறி வந்துச்சு. வழி இல்லாம நின்னுச்சு. ஜனம் எறங்குச்சு. முள்ளுல கைய உட்டு எல்லாரும் தேடறாங்க. ஒரு அம்மா வெறுங்காலோட சரிவுல எறங்கித் தேடுச்சாம். யாரும் சும்மா நிக்கல. அத்தன பேரும் நல்லவங்க. அத்தன பேரும் சாவியத் தேடுனாங்க. மடில நான் மூச்சு கொறட்டையா உட்டுக்கிட்டுக் கெடக்கறேன். அம்மா எம்பேரக் கூப்புட்டுக்கிட்டே இருந்துச்சாம்.

பஸ்ஸு கண்டக்டருதான் கத்துனாரு. "யோவ், ஒயரப் புடுங்கி உரசுய்யா!"

அண்ணன் ஒயரப் புடுங்குனாரு. உரசுனாரு. ஜீப்பு உறுமுச்சு. பதினொண்ணு பதினஞ்சு.

இருவத்திமூணு நிமிசம்.

அடிவாரத்துல ஆம்புலன்சுக்காரரு ஓடியாந்தாரு. "மல்லாத்தாதீங்க! ஒருக்களிச்சுப் போடுங்க! எதுக்கும்மா வழில நின்னீங்க!" அண்ணன்தான் சொன்னாராம், இரும்பு குடுத்தோம்னு. அந்த ஆளு கதவச் சாத்திட்டாராம்.

தர்மபுரி. ஆசுபத்திரி. பிரசரு மேல நூத்தி எம்பது, கீழ நூத்தி இருவது. ரெண்டாவது வலிப்பு ஸ்ட்ரெச்சருல. இடுப்புல ரெண்டு பக்கமும் பெரிய ஊசி. கைல நரம்பு எடுக்கணும். வளையலு கழலல. நர்சு உடைக்கறதுக்குக் கத்திரிய எடுத்தாங்க.

"உடைக்காதீங்க! எம்பொண்ணுக்குப் புருசன் இருக்கான்!"

"வளையலு வேணுமா, பொண்ணு வேணுமா!"

அம்மா தானே எங்கையத் தூக்கி, கட்டிலு கம்பியில ஒவ்வொண்ணா மோதி உடைச்சுதாம். சடக். சடக். சடக். நான் மயக்கத்துல இருந்தேன், கேட்டிருக்க முடியாதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. கேட்டேங்க. எனக்கு அந்தச் சத்தம் இருக்கு. பத்தொம்பது தரம்.

*

செவ்வாக்கெழம கண்ணு முழிச்சேன். ஒடம்பெல்லாம் நெருப்பு. வாயெல்லாம் புண்ணு, நாக்கக் கடிச்சிருக்கேன். வலக்கண்ணுல பொக மூட்டமாட்டம். வயித்துல கைய வச்சேன். தட்டையா இருக்கு. கட்டு போட்டிருக்கு.

அவரு பக்கத்துல நிக்கிறாரு. தோள்ல மஞ்சப் பையி. சனிக்கெழம வூட்லேர்ந்து அத எடுத்துக்கிட்டு நேரா ஆசுபத்திரிக்கு வந்தவரு. மூணு நாளா எறக்கி வக்கல.

"புள்ள?"

பையி நாடாவ முறுக்கிக்கிட்டே நின்னாரு.

பொண்ணு. சனிக்கெழம பன்னெண்டு நாப்பதுக்கு அறுத்து எடுத்திருக்காங்க. ஒரு கிலோ நானூத்தி இருவது கிராமு. அழுதுச்சாம். ஒரு தரம். ரெண்டு நாளு கண்ணாடிப் பொட்டில இருந்துச்சு. பாடுபட்டுப் பாத்திருக்காங்க. திங்கக்கெழம காலைல ஆறு மணிக்கு மூச்சு நின்னுது. உள்ள இருக்கறப்பவே காத்து பத்தாமக் கெடந்திருக்கு, எவ்வளவு நேரம்னு சொல்ல முடியாதுன்னாங்க. எனக்குச் சொல்ல முடியும். நான் சொல்லல. முனியப்பன் அண்ணன் வராண்டாவுல உக்காந்திருந்தாரு.

நான் முழிக்கறதுக்குள்ள அடக்கம் பண்ணிட்டாங்க. எம்மவ மூஞ்சிய நான் பாக்கல.

வியாழக்கெழம எனக்குப் பாலு கட்டிக்கிச்சு. நைட்டி நனஞ்சுபோச்சு. பக்கத்துக் கட்டில்ல ஒரு புள்ள அழுவும், எனக்கு ஊத்தும். தாங்க முடியலீங்க. வாயில துண்ட அடச்சுக்கிட்டு அழுதேன். அம்மா சேலையக் கிழிச்சு நெஞ்ச இறுக்கிக் கட்டுச்சு.

பையத் தொறந்து பாத்தேன். புக்கு இருக்கு. மாத்திர அட்டை இருக்கு. எண்ணுனேன். இருவத்திநாலு. அத முழுங்கியிருந்தா எல்லாம் சரியாப் போயிருக்குமான்னு டாக்டரம்மாவக் கேட்டேன். உறுதியாச் சொல்ல முடியாதும்மா, ஆனா நாங்க உன்ன முன்னாடியே பாத்திருப்போம்னாங்க.

*

இப்ப மிசினுல உக்காந்திருக்கேன். எங்கிட்ட மாசமா இருக்கற பொண்ணுங்க ஜாக்கெட்டு தைக்க வருவாங்க. முதல்ல டேப்ப எடுக்க மாட்டேன். கேப்பேன். தலவலி இருக்கா? கண்ணு முன்னாடி பூச்சி பறக்குதா? நெஞ்சுக் குழிக்குக் கீழ வலியா? மூஞ்சி, கை திடீர்னு வீங்குதா? பிரசரு எப்பப் பாத்த? சில பேரு மூஞ்சியச் சுளிப்பாங்க. "அக்கா, நல்ல நாளு அதுவுமா"ன்னு. நல்ல நாளுக்குத்தான்டி கேக்கறேன்னு கத்துவேன். போன தையில ஒருத்தி. அளவு எடுத்து அஞ்சு நாளுல கை ஏறலைன்னு ஜாக்கெட்டக் கொண்டாந்தா. ஒண்ணே கால் இஞ்சு. பிரிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். அவளக் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு ஆட்டோ ஏறுனேன். பிரசரு நூத்தி அறுவது. அவ புள்ளைக்கு இப்பப் பல்லு மொளைக்கிது. என்னயப் பாத்தா சிரிக்கிது. நான் தூக்க மாட்டேன். கைக்கு வர மாட்டேங்குது.

வலிப்பு வந்தா இரும்பு வேணாம். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில எதயும் திணிக்காதீங்க. வண்டிய நிறுத்தாதீங்க. இத நான் எத்தன வாட்டி வேணாலும் சொல்லுவேன்.

அத்தைக்கும் எனக்கும் நாலு மாசம் பேச்சு இல்ல. அப்புறம் ஒரு நாளு எதிர் வூட்டுப் பொண்ணு வளைகாப்பு முடிஞ்சு வண்டி ஏறுது. நான் சன்னல்ல நின்னு பாக்கறேன். அத்த நடுத்தெருவுல போயி நின்னாங்க. "புக்கு எடுத்தியா? மாத்திர எடுத்தியா?" அந்தப் பொண்ணு முழிக்கிது. "மறந்திருந்தா திரும்பிப் போ! போயி எடுத்துட்டு வா! நான் சொல்றேன், திரும்பு!" தெருவே கேக்கற மாதிரி கத்துனாங்க. அப்புறம் எங்க வாசப்படில உக்காந்து தலைல அடிச்சுக்கிட்டு அழுதாங்க. நான் போயி தண்ணி குடுத்தேன். மன்னிச்சுட்டேனான்னு கேக்காதீங்க. தண்ணி குடுத்தேன்.

முனியப்பன் அண்ணன் ஜீப்புக்கு இப்ப சாவி கெடயாது. பட்டன் வச்சுட்டாரு. ஒம்பதாவது வளைவுல மட்டும் ஆரனு அடிக்க மாட்டேங்கறாருன்னு அம்மா சொல்லுது.

போனது என்னன்னு கேட்டீங்கன்னா சொல்றேன். வளையலு பத்தொம்பது. ரெண்டு தப்புச்சுது, அம்மா பொட்டில வச்சிருக்கு. வலக்கண்ணுல ஓரப் பார்வ. ஊசில நூலு கோக்க இப்ப இடக்கண்ணுக்கு நேராப் புடிக்கணும். நிமிசம் இருவத்திமூணு. ஜீப்பு சாவி ஒண்ணு, இன்னும் அந்தப் பொதருலதான் கெடக்கும். மாத்திர ஒண்ணும் போவல. இருவத்திநாலும் அப்பிடியே இருக்கு. பையி அதே ஆணில.

அப்புறம் அவ.

தெருவுல எத்தன பேரு அளவு எனக்குத் தெரியும். எம்மவ அளவு தெரியல. ஒரு நாளு மத்தியானம் அவருகிட்ட கேட்டேன், எவ்வளவு நீளம் இருந்தான்னு. அது வரைக்கும் நான் கேட்டதில்ல. சோத்துத் தட்ட நவுத்தி வச்சுட்டு, வலக்கைய நீட்டுனாரு. முழங்கை மடிப்பத் தொட்டுக் காட்டுனாரு. "இங்க தல." வெரலு நுனியத் தொட்டாரு. "இங்க காலு."

டேப்ப எடுத்து அவரு கைல வச்சேன். புடிச்சுக்கிட்டு அளந்தேன்.

அளவு நோட்டுல ஒரு பக்கம் எழுதியிருக்கேன். பேரு எழுதற எடம் காலியா இருக்கு. கை, கழுத்து, மாரு, ஒண்ணும் எழுதல. ஒரே ஒரு வரி. நீளம் பதினாறே முக்கால்.